சிவப்புப் புள்ளி சத்தியம் பண்ணாது

எங்க காட்டேரிக்குப்பத்தில் பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து பப்ஜி ஆடாத பையன் கிடையாது. 2020 செப்டம்பரில் அரசாங்கம் அதைத் தடை செய்தது, அடுத்த வருஷமே பி.ஜி.எம்.ஐ. என்று பேரை மாற்றிக்கொண்டு வந்து நின்றது, நடுவில் நம்மாட்கள் ஒருநாளும் பட்டினி கிடந்ததாகத் தெரியவில்லை. அந்தப் புண்ணியத்தில் பத்தாங்கிளாஸ் பையனுக்குக்கூட ரெட் டாட், ஹோலோ, ஃபோர் எக்ஸ் எல்லாம் அத்துப்படி. ஆட்டம் ஆட்டமாக இருக்கிறவரை எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் அங்கே கற்றுக்கொண்டதை வைத்து நிஜப் போலீஸ், நிஜ ராணுவம், நிஜ ஒலிம்பிக் பற்றியெல்லாம் தீர்ப்பு எழுதுகிறார்களே, அங்கேதான் பொறுக்க முடியவில்லை. "பிஸ்டல்ல ரெட் டாட் மாட்டிட்டா போதும் மச்சி, புள்ளி எங்கயோ குண்டு அங்க." வகுப்பிலும் கேட்டாச்சு, கேண்டீனிலும் கேட்டாச்சு, படித்தவர்கள் எழுதியும் பார்த்தாச்சு.

பொய். அதுவும் ஆளைக் கொல்லக்கூடிய பொய். ஏன் என்று சொல்லத்தான் இத்தனை நீளம்.

முதலில் நம்ம சினிமாக்காரர்கள் செய்த குழப்பத்தைத் தீர்ப்போம். வில்லன் நெற்றியில் சிவப்பாக ஒரு புள்ளி ஊர்ந்து வந்து நிற்கும், பின்னணி இசை எகிறும், தியேட்டரே மூச்சை அடக்கும். அது லேசர். துப்பாக்கியிலிருந்து வெளிச்சம் கிளம்பிப்போய் எதிராளி மேல் விழுகிறது. ரெட் டாட் அதற்கு நேர் எதிர். அதில் வெளிச்சம் சுடுகிறவன் கண்ணுக்குத்தான் வரும். சின்ன எல்.இ.டி. ஒன்று, அதற்கு எதிரே லேசாக வளைந்த ஒரு கண்ணாடி. அந்தக் கண்ணாடியின் பூச்சு சிவப்பு நிறத்தை மட்டும் திருப்பி அனுப்பும், மற்ற நிறங்களை உள்ளே விடும். (அதனால்தான் அந்தக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் உலகம் கொஞ்சம் நீலம் பாய்ந்தமாதிரி தெரியும்.) திரும்பி வரும் கதிர்கள் இணையாக வருவதால் புள்ளி வெகுதூரத்தில் மிதப்பதுபோலத் தோன்றும். எதிரே நிற்கிறவனுக்கு அவன் மேல் புள்ளி இருப்பதே தெரியாது, ஏனென்றால் அவன் மேல் எதுவும் இல்லை.

யோசனை ஒன்றும் புதுசில்லை. அயர்லாந்துக்காரரான ஹோவர்ட் கிரப், தொலைநோக்கி செய்கிறவர், 1900லேயே இந்தத் தத்துவத்தைக் கொடுத்துவிட்டார். இரண்டாம் உலகப்போர் சண்டை விமானங்களில் விமானி முன்னால் இருந்த கண்ணாடி இதே குடும்பம்தான். எல்.இ.டி. வைத்து கைக்கு அடக்கமாகத் துப்பாக்கிக்குக் கொண்டுவந்தது சுவீடனின் எய்ம்பாயிண்ட், 1970களின் நடுவில். பிஸ்டலின் ஸ்லைடு மேலேயே உட்காரும் அளவுக்குச் சுருங்கி, அடியைத் தாங்கும் அளவுக்கு உறுதியாகி, பரவலாக வந்தது கடந்த பதினைந்து இருபது வருஷத்தில். குளோக் கம்பெனி ஸ்லைடிலேயே இதற்கான பள்ளம் வெட்டி விற்க ஆரம்பித்தது 2015ல்.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஆட்டத்தில் தரையில் கிடக்கும் ரெட் டாட்டை எடுத்து மாட்டினால் அடுத்த நொடி அது சரியாகச் சுடும். நிஜத்தில் மாட்டின நொடியில் அந்தப் புள்ளிக்கும் குழாய்க்கும் ஒரு சொந்தபந்தமும் கிடையாது. புள்ளி ஒரு பக்கம் பார்க்கும், குழாய் ஒரு பக்கம் பார்க்கும். இரண்டையும் ஒரு குறிப்பிட்ட தூரத்தில் ஒரே இடத்தைப் பார்க்கவைக்கிற வேலைக்குத்தான் ஜீரோ செய்வது என்று பேர்.

"ஒரு குறிப்பிட்ட தூரத்தில்" என்பதை அடிக்கோடு போட்டுப் படியுங்கள். புள்ளி இருப்பது குழாய்க்கு மேலே, ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் உயரத்தில். குண்டு கிளம்பும்போது பார்வைக்கோட்டுக்குக் கீழேதான் கிளம்புகிறது. கிளம்பின கணத்திலிருந்து பூமி அதை இழுக்கிறது. நம்ம பிளஸ் டூ பௌதிகம் போதும், போட்டுப் பார்ப்போம். 9 மில்லிமீட்டர் குண்டு விநாடிக்கு 350 மீட்டர் வேகம் என்று வைத்துக்கொண்டால் 25 மீட்டர் போக 0.07 விநாடி. அதற்குள் இரண்டரை சென்டிமீட்டர் விழுந்திருக்கும். 25 மீட்டரில் புள்ளியும் குண்டும் சந்திக்கும்படி ஜீரோ செய்தால், 5 மீட்டரில் குண்டு புள்ளிக்கு ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று அதிகமாகக் கீழே படும். 10 மீட்டரில் அரை சென்டிமீட்டர் கீழே. 25ல் சரி. 50 மீட்டரில் மறுபடி மூன்று சென்டிமீட்டர் கீழே. புள்ளி எங்கே இருக்கிறதோ குண்டு ஏறத்தாழ அங்கேயே போவது 25 மீட்டரையும் அதற்குச் சற்று முன்னாலும் உள்ள தூரத்தில் மட்டும். இதெல்லாம் சின்ன எண்கள்தானே என்பீர்கள். சரியாக ஜீரோ செய்தால் சின்ன எண்கள். செய்யாவிட்டால் எவ்வளவு என்று யாராலும் சொல்ல முடியாது, அதுதானே சிக்கல்.

திருகாணியைத் திருகுகிற கணக்கும் சுலபம்தான். ஒரு பாகையை அறுபதாக வெட்டினால் ஒரு கலை, இங்கிலீஷ்காரன் மினிட் என்பான். அது 100 மீட்டரில் 2.9 சென்டிமீட்டர், 25 மீட்டரில் 7.3 மில்லிமீட்டர். பிஸ்டல் ரெட் டாட் பலவற்றில் ஒரு 'க்ளிக்' என்பது ஒரு மினிட். குண்டுகள் 25 மீட்டரில் 7 சென்டிமீட்டர் கீழே கும்பலாக விழுந்தால் பத்து க்ளிக் மேலே. இதில் ஒரு வேடிக்கை: 'மேலே' என்று போட்டிருக்கிற பக்கம் திருகினால் கண்ணாடிக்குள் புள்ளி கீழே இறங்கும். அந்தப் புள்ளியைப் பழைய இடத்துக்குக் கொண்டுவர நீங்கள் குழாயைத் தூக்குவீர்கள், குண்டு மேலே போகும். முதல் தடவை கேட்டபோது எனக்கே தலை சுற்றியது :)

இப்போது நான் சண்டை போட வந்த இடம். பத்து க்ளிக் என்று கணக்குப் போட்டோமே, 'குண்டுகள் கும்பலாக' என்று ஒரு வார்த்தை விட்டேனே, அதைத்தான் எல்லோரும் தாண்டிப் போகிறார்கள். ரேஞ்சில் ஒரு குண்டு சுடுவார்கள், இடப்பக்கம் போகும், உடனே திருகாணி. இன்னொன்று சுடுவார்கள், மேலே போகும், மறுபடி திருகாணி. பெட்டி காலியாகும்வரை இதே கதை. கடைசியில் "இந்த சைட் சரியில்லை சார்."

எட்வர்ட்ஸ் டெமிங் என்று ஒரு புள்ளியியல்காரர். ஜப்பான் தொழிற்சாலைகளுக்குத் தரக்கட்டுப்பாடு சொல்லிக்கொடுத்தவர். அவர் வகுப்பில் ஒரு புனல் சோதனை உண்டு. புனல் வழியாக ஒரு கோலியை மேஜை மேல் குறித்த புள்ளியை நோக்கிப் போடுவது. புனலை அசைக்காமல் விட்டால் கோலிகள் ஓர் அளவுக்குச் சிதறும். ஒவ்வொரு கோலி விழுந்த பிறகும் அது எவ்வளவு தள்ளி விழுந்ததோ அவ்வளவு எதிர்ப்பக்கம் புனலை நகர்த்தினால்? கணக்குப்படி சிதறலின் மாறுபாடு இரண்டு மடங்காகும். சரிசெய்ய நினைத்தே கெடுத்துக்கொள்கிறோம். ஒவ்வொரு குண்டுக்கும் திருகாணி திருகுகிறவன் செய்வது அச்சு அசல் இதேதான்.

கையில் சுடும் மனிதனின் சிதறல் 25 மீட்டரில் நாலு சென்டிமீட்டர் திட்ட விலக்கம் என்று வையுங்கள். ரொம்ப நல்ல சுடுகாரன்தான். மூன்று குண்டின் சராசரியை வைத்து அவன் முடிவு செய்தால் அந்தச் சராசரியிலேயே 2.3 சென்டிமீட்டர் தப்பு இருக்க வாய்ப்பு, அதாவது மூன்று க்ளிக். பத்து குண்டு சுட்டால் அது 1.3 சென்டிமீட்டருக்கு இறங்கும், இரண்டு க்ளிக்குக்கும் குறைவு. மூன்று குண்டு சுட்டு ஜீரோ முடிந்தது என்கிறவன் குண்டு மிச்சம் பிடிக்கிறான், அவ்வளவுதான். என்.சி.சி. முகாமில் .22 ரைஃபிளோடு 25 மீட்டர் கோட்டில் படுத்தவர்களுக்குத் தெரியும், அங்கே முதலில் கேட்கிற கேள்வி 'நடுவில் பட்டதா' என்பதில்லை. குரூப் எவ்வளவு என்பதுதான். எல்லாக் குண்டும் ஓரத்தில் ஒரே இடத்தில் பட்டிருந்தால் அவனைத் தட்டிக்கொடுப்பார்கள். நாலு மூலைக்கு ஒன்றாகப் பட்டு, அதில் ஒன்று மட்டும் நட்டநடுவில் விழுந்தவனை மறுபடி படுக்கவைப்பார்கள்.

இதைவிட மோசமான ஒன்று இருக்கிறது. வலக்கைக்காரன் விசையைச் சுண்டி இழுத்தால் குண்டு கீழே இடப்பக்கம் போகும். உலகம் முழுக்க இப்படித்தான். சுடச்சுட அங்கேயே விழுவதால் பார்க்க அழகான குரூப் மாதிரி இருக்கும். உடனே ஐயா என்ன செய்வார்? மேலே ஆறு, வலப்பக்கம் எட்டு என்று திருகி, குண்டை நடுவுக்குக் கொண்டுவந்து, போட்டோ எடுத்துக்கொள்வார். விரல் செய்த குற்றத்துக்குத் திருகாணிக்குத் தண்டனை. இப்போது அந்தத் துப்பாக்கி, அந்த ஆள், அந்தப் பதற்றத்தோடு, அந்தத் தப்பான இழுப்பு இழுத்தால் மட்டுமே நடுவில் சுடும். வேறொருவர் எடுத்து ஒழுங்காக இழுத்தால் குண்டு வலப்பக்கம் மேலே போகும். இடுப்பில் மாட்டிக்கொண்டு வேலைக்குப் போகிற துப்பாக்கியில் இது எவ்வளவு பெரிய மோசடி! கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு, பைசா செலவில்லை. மணல் மூட்டை மேல் கையை ஊன்றி, அவசரமில்லாமல் பத்து குண்டு. குரூப் நடுவில் இருந்தால் சைட் சரி. அதே ஆள் எழுந்து நின்று சுடும்போது கீழே இடப்பக்கம் போனால் திருத்தவேண்டியது விரலை. திருகாணி மேல் கை வைக்கக் கூடாது.

எங்க ஊர் கொத்தனார் ஒருத்தர் புது ரசமட்டம் வாங்கினால் அதைச் சுவர்மேல் வைத்துக் குமிழியைப் பார்ப்பார். அப்புறம் அதே இடத்தில் ரசமட்டத்தைத் தலைமாற்றி வைத்து மறுபடி பார்ப்பார். இரண்டு தடவையும் குமிழி ஒரே இடத்தில் நின்றால்தான் பையில் போடுவார். கடைக்காரர் சொன்னதை நம்புவதில்லை, சுவரையும் நம்புவதில்லை. லிங்காரெட்டிப்பாளையம் ஆலை ஓடிய காலத்தில் கரும்பு ஏற்றிப்போன பெரியவர்களைக் கேளுங்கள், வண்டி ஏறுமுன் எடைமேடை பூஜ்யம் காட்டுகிறதா என்று எட்டிப் பார்க்காதவர் இருந்திருக்க மாட்டார். பள்ளிக்கூடம் போகாதவர்களுக்குத் தெரிந்த இந்த விவகாரம் இஞ்சினியரிங் படிக்கிற நமக்கு ஏன் துப்பாக்கி என்றவுடன் மறந்துபோகிறது? கண்ணாடியும் பாட்டரியும் இருந்தால் அது சொல்வதெல்லாம் உண்மை என்று நமக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

ஒருமுறை செய்தால் ஆயுசுக்கும் நிற்கிற காரியமும் இல்லை இது. பிஸ்டல் ஸ்லைடு ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் அறைந்து முன்னால் அறைகிறது, சைட் அதன் முதுகில் சவாரி செய்கிறது. இரண்டு சின்னத் திருகாணிதான் பிடிமானம். தளர்ந்தால் முடிந்தது கதை. அதனால்தான் திருகாணியில் லாக்டைட் தடவி, சரியான முறுக்கத்தில் இறுக்கி, தலைமேல் ஒரு கோடு போட்டுவைக்கிறார்கள். நகப்பாலிஷ்கூடப் போதும், கோடு விலகியிருந்தால் திருகாணி நகர்ந்திருக்கிறது. சில மாடல்களில் பாட்டரி அடிப்பக்கம் இருக்கும், மாற்றவேண்டுமென்றால் சைட்டையே கழற்றவேண்டும். கழற்றி மாட்டினால் மறுபடி ரேஞ்சுக்குப் போய்ச் சரிபார்க்கவேண்டும். குண்டின் எடையும் வேகமும் மாறினால் படும் இடமும் மாறும். ஆக, ஒரு ரெட் டாட் வாங்குவது என்றால் கூடவே வருஷாவருஷம் தோட்டா, ரேஞ்சு நேரம், சொல்லிக்கொடுக்க ஆள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குவது என்று அர்த்தம்.

"அப்போ ரெட் டாட்டே வேண்டாங்கிறியா?" என்று பாயாதீர்கள். நல்ல சாதனம், சந்தேகமே இல்லை. சாதாரண இரும்புக் குறியில் பின்பள்ளம், முன்முள், இலக்கு என்று மூன்று இடம். கண் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் தெளிவாகப் பார்க்கும். புள்ளியில் அந்தத் தொல்லை இல்லை, இலக்கைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நாற்பது தாண்டி வெள்ளெழுத்து வந்த ஒரு சப் இன்ஸ்பெக்டருக்கு முன்முள் மங்கலாகத்தான் தெரியும், அவருக்கு இது வரப்பிரசாதம். இன்னொரு நன்மை, உங்கள் கை எவ்வளவு நடுங்குகிறது என்பதைப் புள்ளி முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகும்போது புள்ளி கீழே துள்ளினால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும். நான் எதிர்ப்பது புள்ளி வந்ததும் பழக்கம் தேவையில்லை என்கிற நினைப்பை. புதிதாக எடுக்கிறவர்கள் பிஸ்டலை நீட்டிவிட்டு அந்தச் சின்ன ஜன்னலுக்குள் புள்ளி எங்கே என்று தேடிக்கொண்டு நிற்கிறார்கள், இரும்புக் குறியைவிட அதிக நேரம் ஆகிறது.

துப்பாக்கி சுடுதலில் நாம் கொண்டாடுகிற ஆட்களைப் பாருங்கள். 2012 லண்டனில் விஜய் குமார் 25 மீட்டர் ரேபிட் ஃபயரில் வெள்ளி வாங்கினாரே, அதில் கடைசிக் கட்டத்தில் நாலு விநாடிக்குள் ஐந்து இலக்கில் ஐந்து குண்டு. 2024 பாரிசில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர், சட்டைப் பொத்தான் அளவு. நம்ம தல அஜித் 2021ல் சென்னையிலும் 2022ல் திருச்சியிலும் மாநிலப் போட்டிகளில் பதக்கம் அள்ளியதும் பிஸ்டலில்தான். இந்தப் பிஸ்டல் போட்டிகள் எதிலும் ரெட் டாட்டுக்கு அனுமதி இல்லை. லென்சும் கூடாது, லேசரும் கூடாது, திறந்த இரும்புக் குறி மட்டும். அவர்களும் ஜீரோ செய்கிறார்கள், ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு வெளிச்சத்துக்கும். போட்டிக்கு முன்னால் சைட்டிங் ஷாட் என்று மதிப்பெண் இல்லாத குண்டுகள் சுட நேரம் கொடுப்பதே அதற்குத்தான். உலகத்திலேயே சிறந்தவர்கள் நேற்று வைத்த குறியை இன்றைக்கு நம்புவதில்லை. நம்ம மச்சி கவரைப் பிரித்தவுடனே நம்புகிறான்.

ஏன் இவ்வளவு கோபம் என்று கேட்டால், புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலை. 2021 டிசம்பர் 30. பசுமலைப்பட்டி பக்கத்துத் துப்பாக்கிச் சுடும் தளத்தில் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சி. அங்கிருந்து வெகுதூரம் தள்ளி, தன் தாத்தா வீட்டில் இருந்த பதினோரு வயதுப் பையன் தலையில் ஒரு குண்டு பாய்ந்தது. தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தார்கள். 2022 ஜனவரி 3ஆம் தேதி இறந்துபோனான். முதல்வர் பத்து லட்சம் நிவாரணம் அறிவித்தார், தளத்தை மூடினார்கள்.

அது ரைஃபிள் என்பீர்கள். 9 மில்லிமீட்டர் பிஸ்டல் குண்டுகூடக் கோணம் அமைந்தால் ஒன்றரை கிலோமீட்டரைத் தாண்டும். நாங்கள் என்.சி.சி.யில் சுடுகிற குட்டி .22 தோட்டா இருக்கிறதே, வெளிநாட்டுப் பெட்டிகளில் ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று எச்சரிக்கை அச்சடித்தே விற்கிறார்கள். ரேஞ்சில் நின்று பார்க்கும்போது இலக்கு 25 மீட்டரில் இருப்பதால் உலகமும் 25 மீட்டரில் முடிகிறதாக நினைப்பு. ஒரு பாகை தப்பு 100 மீட்டரில் 1.75 மீட்டர். அவ்வளவு தூரத்தில் பின்னால் இருக்கும் மண்மேட்டின் உயரமும் அகலமும்தான் அந்தத் தப்பை விழுங்கவேண்டும். மேடு போதாவிட்டால், குண்டு போய் நிற்கிற இடம் யாருடைய கூரை என்று சைட் பார்த்துச் சொல்லாது.

அதனால்தான் மூன்று குண்டில் ஜீரோ முடித்து போட்டோ போடுகிறவனைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. மாட்டின புதிதில், இன்னும் ஒரு குண்டும் சுடாத நிலையில், அந்தத் துப்பாக்கி எங்கே பார்க்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதனால் முதல் குண்டை 25 மீட்டரில் சுடக்கூடாது, ஏழெட்டு மீட்டரில் பெரிய அட்டை வைத்து, குண்டு அட்டையில் படுகிறதா என்று பார்த்து, அப்புறம் தள்ளிப்போகவேண்டும். எத்தனை பேர் இதைச் செய்கிறார்கள்? ஒவ்வொரு தேர்தலுக்கும் 'காவல்துறைக்கு நவீன ஆயுதம்' என்று அறிக்கை வருகிறது. நவீன சைட்டும் வரும், வரட்டும். ஒரு காவலர் வருஷத்துக்கு எத்தனை குண்டு சுட்டுப் பழகுகிறார், அவர் துப்பாக்கியின் ஜீரோவைக் கடைசியாகச் சரிபார்த்த தேதி எந்தப் பதிவேட்டில் இருக்கிறது, ரேஞ்சின் பின்மேட்டை எந்த இஞ்சினியர் எந்த வருஷம் அளந்தார் என்று எந்தக் கட்சிக்காரராவது கேட்டு நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? வாங்கின விலையைச் சொல்லுவார்கள், வாங்கின எண்ணிக்கையைச் சொல்லுவார்கள்.

நார்த்தாமலைக்காரர்கள் கேட்டது ஒன்றே ஒன்றுதான், தளத்தை நிரந்தரமாக மூடு என்று. எந்தத் துப்பாக்கி, எந்த சைட் என்றெல்லாம் அவர்கள் கேட்கவில்லை. அவர்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தது குண்டு மட்டும்தான்.